அக்காவோடு அல்லிராணிக் கோட்டைக்கு

அக்கா கனடாவில் இருந்து வந்து பத்து நாளாகியும் என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மறதி நோய். அடுத்த கிழமை திரும்பிப் போய்விடுவாள். இந்த வயதில் இனியொரு தரம் வரப்போவதில்லை. “தம்பி எங்கை? ஏன் இன்னும் வரேல்லை?” என்று நாளுக்கு நாலு தரம் என்னிடமே கேட்பாள். நான்தான் என்றால், என் வழுக்கைத் தலையைப் பார்த்துவிட்டு மறுபடி வாசலைப் பார்ப்பாள்.

“நீங்கள் ரெண்டுபேரும் சின்னனிலை போன இடங்களைக் காட்டிப் பாப்பமே, மாமா” என்றாள் அவளுடைய மகள், என் மருமகள். வேறு வழியும் இல்லை. வான் ஒன்றை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டினேன். அதுதான் நான் விட்ட பிழை. அக்கா என்னைச் சாரதி என்றே முடிவுகட்டிவிட்டாள்.

உயிலங்குளத்து வீட்டில் இருந்து விடியப் புறப்பட்டு முதலில் அரிப்புக்குப் போனோம். கடலோர மேட்டில் இடிந்து நிற்கும் அந்த மாளிகையைக் கட்டியது வெள்ளைக்கார ஆளுநர் ஒருவர். எங்களுக்கு என்றைக்கும் அது அல்லிராணிக் கோட்டை. சுவரைக் கண்டதும் அக்காவின் முகம் மலர்ந்தது.

“இதிலைதான் என்ரை தம்பி ஏறி விழுந்தவன். முழங்கால் பிளந்துபோச்சு. நான்தான் தூக்கிக்கொண்டு போனனான்.”

நான் உடனே காற்சட்டையை உருட்டித் தழும்பைக் காட்டினேன்.

“ஐயோ பாவம், உங்களுக்கும் அடிபட்டதோ, அண்ணை?”

மன்னார்க் கோட்டையில் அவள் இறங்கவே இல்லை. மருமகள் மட்டும் போய் மதிலைப் படமெடுத்தாள். கல்லையும் சுவரையும் நினைவு வைத்திருப்பவளுக்கு என்னை வைத்திருக்க இடமில்லையா என்று ஆத்திரம் வந்தது. நோயாளியோடு கோபிக்கிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

கடைசியாகத் திருக்கேதீஸ்வரம். பாலாவித் தீர்த்தக் கரையில் சிலர் செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

“என்ரை தம்பிக்கு ஒருத்தரும் இது செய்யேல்லை” என்று அழத் தொடங்கினாள்.

சண்டைக் காலத்தில் நான் ஷெல் விழுந்து செத்துப்போனதாக அவளுக்கு யாரோ கடிதம் எழுதிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து நான் தொலைபேசியில் பேசினேன். அன்று அவள் அழுத அழுகை! அந்தப் பேச்சு இப்போது அழிந்துபோய், கடிதம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

“அக்கா, நான் சாகேல்லை. இஞ்சை பாருங்கோ” என்று அவள் கையைப் பிடித்தேன். பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

கரையில் கிரியை செய்துகொண்டிருந்த ஐயர் எங்களைப் பார்த்து, “ஆம்பிளையள்தான் இறைக்கவேணும், அம்மா. சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ?” என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். “அண்ணை, நீங்கள் செய்வீங்களோ? அவனுக்கு ஆரும் இல்லை.”

“மாமா, வேண்டாம்” என்றாள் மருமகள்.

நான் சேர்ட்டைக் கழற்றிவிட்டுத் தெற்குப் பார்த்து உட்கார்ந்தேன். ஐயர் தர்ப்பையைத் தந்து செத்தவரின் பெயரைக் கேட்டார். அக்கா தடுமாறாமல் என் பெயரைச் சொன்னாள். திதி கேட்டார். “கடிதத்திலை எழுதியிருக்கேல்லை, ஐயா” என்றாள். என் பெயரை என் வாயாலேயே மூன்று முறை சொல்லி, எள்ளும் தண்ணீரும் இறைத்தேன்.

அக்கா கண்ணைத் துடைத்தாள். வந்த நாளில் இருந்து அவள் முகத்தில் அப்படி ஓர் ஆறுதலை நான் கண்டதில்லை. விமானம் ஏறும்வரை, தம்பி எங்கே என்று பிறகு அவள் ஒரு தரமும் கேட்கவில்லை.