தபால் பையில் போன சாரை

நெல்லிவாசலுக்குப் போய்க்கொண்டிருந்த ஷேர் ஜீப்பில், பின் சீட்டுக்கு அடியில் ஒரு சாரைப்பாம்பு சுருண்டிருந்ததைப் பார்த்ததும் பத்துப் பேரும் கீழே குதித்தோம். டிரைவர் ஜாக்கி ராடோடு வந்து குனிந்தார். பாம்பு சீறி, ராடின் நுனியைக் கொத்தியது.

எங்களோடு வந்தவர்களில் ஒரு தபால்கார அம்மா இருந்தார். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருந்தார், காலில் ஆம்பளைச் செருப்பு. பேசுவதற்கு முன் மூக்கை ஒருமுறை உறிஞ்சுவது அவர் வழக்கம். உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் தள்ளிப் போயி தரையில உக்காருங்க."

"உக்காந்தா பாம்பு பூடுமா?" என்றார் டிரைவர்.

"இத்தினி பேரு சுத்தி நின்னா அது எங்கதான் போவும்? பயந்துதான் கொத்துது. ராட கீழ போட்டுட்டு நீங்களும் உக்காருங்க."

உட்கார்ந்தோம். அந்த அம்மா தன் தபால் பையிலிருந்த கடிதங்களை என் மடியில் கொட்டினார். காலிப் பையின் வாயை விரித்து சீட்டுக்கு அடியில் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே அசையாமல் குந்தியிருந்தார். சீறல் அடங்கக் கால் மணி நேரமானது. அப்புறம் நீளமான ஒரு கவரால் அதன் வாலை லேசாகத் தொட்டார். பாம்பு இருட்டைத் தேடி, தானாகவே பைக்குள் போய்விட்டது.

பையின் வாயைச் சுருட்டிப் பிடித்தபடி புதர்ப் பக்கம் போனவர், திரும்பி வரும்போது காலிப் பையைத் தலைக்கு மேல் தூக்கி உதறிக் காட்டினார். கைதட்டினோம், உட்கார்ந்தபடியே.

"எழுந்துக்கலாமாம்மா?" என்று முதலில் கேட்டது டிரைவர்தான்.