தாரை விட்டு இறங்கிய டிரைவர்

பூந்தமல்லிச் சந்தையில் கீரைக்கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் சேதி வந்தது. வெள்ளானூரிலிருந்து வைக்கோல் ஏற்றி வந்த வண்டிக்காரர் ஒருவர் பால்காரர் வரதன் மாமாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாமா என்னிடம் வந்து, "ஏகாம்பரம், டிரைவர் பலராமன் பூட்டாருடா. காய்ச்சலாம். விடியக்காலைல" என்றார். நான் சிரித்தேன். போன மாதம்தான் அவருடைய எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்று சொல்லி, அவரைச் சந்தையிலிருந்து வீடு வரைக்கும் சைக்கிள் மிதிக்க விட்டிருந்தேன். அதற்குப் பழி வாங்குகிறார் என்று நினைத்து, "மாமே, உனுக்குப் பொய் சொல்லவே வரல" என்றேன். அவர் பால் குடத்தின் மூடி மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். என் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு பேரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பலராமன் ஊரான வெள்ளானூருக்குக் கிளம்பினோம். யுத்தம் வந்ததிலிருந்து ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள்தான். ஒவ்வொரு லாரிக்கும் மண்ணில் இறங்கினோம், ஏறினோம், மறுபடி இறங்கினோம். ஓரிடத்தில் வரிசை முடியவே இல்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு புழுதியைத் தின்றுகொண்டு நின்றோம். ஊர் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள். வாசலில் தண்ணீர் ஊற்றிய ஈரம்தான் இருந்தது. அவர் சம்சாரம் எங்களைப் பார்த்து, "ரோட்ல வண்டி ஜாஸ்தியாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

நசரத்பேட்டை வாசகசாலைக்காரர்கள் பலராமனைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நான் மூன்றாவது வரைக்கும் படித்தவன். தப்பிருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அவரும் சிரித்திருப்பார்.

இந்த ரோட்டில் பிழைப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருமழிசையிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் நடுவில் ஒரு பஸ் போகிற அகலத்துக்குத்தான் தார். அதற்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மண். நசரத்பேட்டை தாண்டினால் வலது பக்கம் மண்கூடக் கிடையாது, தார் முடிகிற இடத்தில் வாய்க்கால். பின்னால் பஸ் வந்தால் சைக்கிள்காரன் இடது பக்கம் மண்ணில் இறங்கியாக வேண்டும். வெறும் ஆள் இறங்கிவிடலாம். பின்னால் ஆள் உயரக் கூடையை வைத்துக் கட்டிக்கொண்டு, மழை நாளில், அந்தச் சேற்றில் இறங்கிப் பாருங்கள். சைக்கிள் ஒரு பக்கம், கூடை ஒரு பக்கம். மாமாவின் பாலை மண் குடித்துவிடும். என் கீரையைக் கழுவலாம், ஆனால் சேற்றில் புரண்டு கழுவின கீரை மதியத்துக்குள் அழுகிவிடும்.

இறங்காவிட்டால் டிரைவர்கள் விடுவார்களா? "ஏய் கீரை, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்பார்கள். நானும் விடமாட்டேன். "உன் வண்டில குந்திகினு போறதுக்கு சாவறதே மேல் நைனா!" என்று கத்துவேன். பஸ்ஸுக்குள் இருப்பவர்களே சிரிப்பார்கள். பஸ் போய்விடும். நான் சேற்றில் நிற்பேன். எங்கள் சண்டை இவ்வளவுதான். தார் அவர்களுக்கு, வாய் எங்களுக்கு.

இப்படி இருக்கும்போதுதான் இந்த ரோட்டு பஸ் ஒன்றுக்கு டிரைவராகப் பலராமன் வந்தார். அவர் ஹாரனைக் குட்டையாக இரண்டு தடவை அழுத்துவார், அவ்வளவுதான். முதல் நாள் அது கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிச்சல். முந்தின நாள் விழுந்த முழங்கால் இன்னும் ஆறவில்லை. வருகிறது வரட்டும் என்று தாரை விட்டு நகரவில்லை. வசவுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு மிதிக்கிறேன், வசவு வரவில்லை. பஸ் சத்தம் மட்டும் இடது பக்கம் சாய்ந்தது. திரும்பிப் பார்த்தால், பஸ் தாரை விட்டுச் சேற்றில் இறங்கி, தேர் மாதிரி ஆடிக்கொண்டு, உள்ளே ஜனங்கள் கூச்சல் போட, என்னைத் தாண்டிப் போய் மறுபடி தாரில் ஏறிக்கொண்டது.

என்னைப் பயமுறுத்துகிறான் என்று நினைத்துவிட்டேன். பூந்தமல்லியில் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்ச் சண்டை பிடித்தேன்.

"யோவ், இன்னாத்துக்கு எடது பக்கமா வந்து உரசினே?"

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கூடையைப் பார்த்தார். "கீரை நல்லா கீதா?"

"கீது."

"அப்ப எதுக்குச் சண்டை? என் வண்டிக்கு நாலு சக்கரம், சேத்துல எறங்கினாலும் நிக்கும். உன்னுது சாஞ்சிடும். எது நிக்குமோ அது எறங்கட்டும் தம்பி."

சண்டைக்குப் போனவன் ஒரு கட்டு முளைக்கீரையை அவர் ஸீட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

அதிலிருந்து தினமும் இறங்கினார். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. "டிக்கெட் வாங்கின எனக்கு இடுப்பு வலி, சைக்கிள்காரனுக்கு ராஜ மரியாதையா?" என்று ஒருவர் கேட்டாராம். "நீங்க குந்திகினு கீறீங்க சாமி, அவன் மிதிச்சிகினு கீறான்" என்றாராம் இவர். முதலாளியும் கூப்பிட்டுச் சொன்னார், டயர் தேய்கிறது, ஸ்பிரிங் போகிறது என்று. "சரிங்க" என்று சொல்லிவிட்டு மறுநாளும் இறங்கினார்.

அவருக்குச் சைக்கிள் விடத் தெரியாது. எனக்கு அல்வா கிடைத்த மாதிரி. "இவ்ளோ பெரிய வண்டியை ஓட்டறே அண்ணாத்தே, இந்தக் குட்டியை ஓட்ட மாட்டியா?" என்று ஒரு நாள் மடக்கினேன். ஏறினார். நான் கையை எடுத்ததும் நேராக மோர்க்கார அம்மாள் மடியில் போய் விழுந்தார். அந்த அம்மாள் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "இதுல ஏறி, பின்னால மூட்டையும் கட்டிகினு, நானும் ஹாரன் அடிச்சா எப்படிடா ஒக்காருவீங்க?" என்றார். நான் அதற்கும் ஏதோ கிண்டல் செய்தேன். இப்போது நினைத்தால் அவர் கேட்டதுதான் ஞாபகம் வருகிறது, என் கிண்டல் ஞாபகம் வரவில்லை.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு நாள் சைக்கிள் ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்தபோது வரதன் மாமா சொன்னார், "அந்த மனுசன் நமக்காவ எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கிகினு கீறாரு. நாம சும்மா கீறோம். நாளைலேந்து அவர் ஹாரன் கேட்டா நாமளே முன்னாடி எறங்கிடணும். விழுந்தாலும் பரவால்ல." அத்தனை பேரும் தலையை ஆட்டினோம். யாருக்கும் அதில் குறை தெரியவில்லை. அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை. நல்ல காரியத்தை ஒருத்தரிடம் சொல்லிவிட்டா செய்வார்கள்?

மறுநாள் மழை. வாய்க்கால் ஓரம் நானும் மாமாவும் முன்னும் பின்னுமாகப் போகிறோம். பின்னால் குட்டையாக இரண்டு ஹாரன். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் இடது பக்கம் மண்ணில் இறங்கினோம். அவரும் அதே சமயம் இடது பக்கம் மண்ணில் இறங்கினார். அவருக்காக நாங்கள், எங்களுக்காக அவர். தார் ஒருவரும் இல்லாமல் காலியாகக் கிடந்தது.

வலது பக்கம் திருப்பியிருந்தால் பஸ் வழுக்கிக்கொண்டு வாய்க்காலுக்குள் போயிருக்கும். நேராக வந்திருந்தால் நாங்கள். அவர் இன்னும் இடது பக்கம் ஒடித்து நெல் வயலில் இறக்கிவிட்டார். முன் சக்கரம் வரப்பில் ஏறி பஸ் சாய்ந்து நின்றது. எங்களுக்கு ஒரு கீறல் இல்லை. மாமாவின் குடத்தில் பால்கூடச் சிந்தவில்லை. பஸ்ஸில் வந்த திருமழிசைப் பெரியவர் ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. பாவம், அவருக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? பலராமன் அவரைத் தன் கையாலேயே தூக்கி வந்து தாரில் உட்கார வைத்தார். பிறகு எங்களைப் பார்த்து, "ஏம்பா, ஏன் எறங்கினீங்க?" என்றார். மாமா, "உனுக்காவதான்" என்றார். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அழுதாரா சிரித்தாரா என்று மழையில் தெரியவில்லை.

விசாரணை, அதிகாரிகள் வந்தால் தங்குகிற முசாபரி பங்களாவில் நடந்தது. லைசென்ஸ் இருக்குமா போகுமா என்பதுதான் கேள்வி. அவருக்கு அது ஒன்றுதான் சொத்து. வெள்ளானூரில் இருந்த நிலம் அண்ணன்மார் பங்கு போகக் கையளவுதான், அதிலும் உழுது பழக்கமில்லாதவர். அதனால் இந்த ரோட்டில் சைக்கிள் விடுகிற அத்தனை பேரும் அன்று வேலையை விட்டுவிட்டு, தலையை வாரிக்கொண்டு, அவருக்காகச் சாட்சி சொல்லப் போனோம். உள்ளே போகுமுன் மாமா, "இன்னா சொல்றது?" என்று அவரையே கேட்டார். "நடந்ததைச் சொல்லுங்க. எனக்காவ பொய் சொல்லி மாட்டிக்காதீங்க" என்றார்.

அதிகாரி தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு மாமாவைக் கேட்டார், "இவர் ரோட்டை விட்டு இறங்கி ஓட்டுவது உண்டா?"

"தெனமும் எறங்குவாருங்க. தங்கமான மனுசன்."

"இடது பக்கமாக முந்துவாரா?"

"எப்பவும் எடது பக்கந்தாங்க. வலது பக்கம் வாய்க்கால் கீதுங்களே."

"பிரயாணிகள் உள்ளே இருக்கும்போதே?"

"மழையாவட்டும், வண்டி ரொம்பிக் கெடக்கட்டும், எங்களுக்காவ எறங்கிடுவாருங்க. அந்த மாதிரி மனசு யாருக்கு வரும்?"

அடுத்தவர் அதற்கு மேல் சொன்னார். அதற்கடுத்தவர் அதற்கும் மேல். என் முறை வந்தபோது குமாஸ்தா எழுதி எழுதிக் கையை உதறிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் லேசாக உறைத்தது. "எறங்கமாட்டார்" என்றால் எங்கள் மாமா பொய்யன். "அன்னிக்கு மட்டும் எறங்கினார்" என்றால், காரணமில்லாமல் பஸ்ஸை வயலில் விட்டவர் ஆகிறார். "எறங்குவார்" என்றால் அதுதான் குற்றம். எந்தப் பக்கம் போனாலும் வாய்க்கால். இந்த வாயைத் திறந்து நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான், "நல்லவருங்க." அதிகாரி, "அது கேள்வி இல்லையே" என்றார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். அவர் கேட்டது சட்டம், நாங்கள் சொன்னது மனுஷன்.

லைசென்ஸ் ரத்து. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பலராமன்தான் மாமாவின் தோளைத் தட்டி, "என் கல்யாணத்துல கூட என்னை யாரும் இவ்ளோ புகழ்ந்ததில்லபா" என்றார். மாமா விம்மிவிட்டார்.

முதலாளியிடம் போனோம், வாசலிலேயே நிறுத்திவிட்டார். அதிகாரியின் ஆபீஸுக்குப் போனோம், மேலே எழுதிப் போட வேண்டும் என்றார்கள். போட்டோம், பதில் வரவில்லை. பஸ்ஸுக்குப் புது டிரைவர் வந்தான். அவன் இறங்கவில்லை. நாங்கள் பழையபடி விழ ஆரம்பித்தோம்.

பலராமன் வெள்ளானூருக்குப் போய் அண்ணன் வயலில் வேலை செய்தார். யுத்தம் வந்து லாரி ஓட்ட ஆள் எடுத்தபோது ஆசையோடு ஒரு காண்ட்ராக்டரிடம் போனார். லைசென்ஸ் ரத்து என்று தெரிந்ததும் அந்த ஆள் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு தடவை பலராமனைப் பார்க்க அரைக்கீரையோடு போனேன். களத்து மேட்டில் உட்கார்ந்து பேசினோம். ரோட்டில் லாரி சத்தம் கேட்டால், பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வலது கால் மண்ணை அழுத்தியது. பார்க்காத மாதிரி இருந்தேன்.

புது டிரைவர் எப்படி என்று அவர் கேட்பார், ஏதாவது தமாஷாகச் சொல்லி மழுப்பலாம் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் கேட்கவே இல்லை. என் முழங்காலில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். "அந்த டிரைவர் மேல கோவப்படாதடா ஏகாம்பரம். அவனுக்கும் லைசென்ஸ் ஒண்ணுதான் கீது" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பேச்சுதான். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. தார் எங்களுக்கு என்றைக்கும் இருந்ததில்லை, வாய் இருந்தது. அதையும் அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் மழையில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் பஸ், விடாமல் ஹாரன். இறங்கினேன். சைக்கிள் சரிந்து கூடை கவிழ்ந்து முழங்கால் சேற்றில் ஊன்றியது. பஸ் தாண்டும்போது அந்த டிரைவர் தலையை வெளியே நீட்டினான். நான் ஏதாவது கத்துவேன், பதிலுக்குக் கத்தலாம் என்று தயாராக இருந்தான். என் நாக்கு நுனியில் ஒன்று இருந்தது, நன்றாகவே இருந்தது, பஸ் முழுக்கச் சிரித்திருக்கும். அதை விழுங்கிவிட்டேன். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

நான் கீரையைப் பொறுக்க ஆரம்பித்தேன்.