கொட்டிவிட்ட கடல் தண்ணீர்

சூர்யகலா என்ற பெயரைச் சந்திரவல்லி முதலில் கேட்டது, தன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு. ராசிங்காபுரத்து மாப்பிள்ளை பாண்டியராஜ் காப்பித் தம்ளரைக் கையில் பிடித்தபடி, "எங்க அண்ணே மக சூர்யகலாவுக்கு ஆறு வயசு. அவ சரின்னாத்தான் எனக்குச் சரி" என்றான்.

"அப்ப அவளையே அனுப்பியிருக்கலாமே, இவரு எதுக்கு வந்தாரு?" உள்ளேயிருந்து சந்திரவல்லி கேட்டது வீடு முழுக்கக் கேட்டுவிட்டது. கல்யாணம் நடந்தது.

சூர்யகலாவின் அம்மா சுந்தரம்மாளும் சந்திரவல்லியும் போடியில் ஒரே குடோனில் ஏலக்காய் சலித்தார்கள். லீவு நாளில் பிள்ளையும் கூட உட்காரும். சல்லடையில் மேலே நிற்கிற பருங்காய்தான் சரக்கு. கீழே விழுகிற பொடிசுக்கு மதிப்புக் கிடையாது. அந்தப் பழக்கம் சூர்யகலா கையில் ஊறிப்போனது.

படித்துப் படித்து, கடல் தண்ணீரில் இருக்கும் வைரஸை ஆராய்ச்சி செய்யப் போனாள். "நமக்குக் காய்ச்சல் குடுக்குறது இல்ல சித்தி. கடல்ல இருக்குற பாக்டீரியாவைக் கொல்றது. ஒரு கரண்டித் தண்ணியில கோடிக்கணக்குல கெடக்கும்" என்பாள்.

"காய்ச்சல் வராதுல்ல? அப்ப சரி ஆத்தா."

முதல் கப்பல் பயணம் முடித்துக் கரையேறியதும் சந்திரவல்லிக்குத்தான் போன் போட்டாள். குரல் உடைந்திருந்தது.

"சித்தி, ஆழத்துத் தண்ணியை வடிகட்டச் சொன்னாங்க. பாக்டீரியா மேல நின்னுரும், வைரஸ் தண்ணியோட கீழ எறங்கிரும். நான் மேல நின்னதைப் பத்திரமா எடுத்து வச்சுட்டு, கீழ வந்த தண்ணி பூராத்தையும் கொட்டிட்டேன்."

"அடி ஆத்தே! சரக்கையே கொட்டிட்டியா?"

"ஆமா சித்தி. அதுக்குள்ள கப்பலும் அந்த எடத்தை விட்டுக் கெளம்பிருச்சு. அந்தத் தண்ணி இல்லன்னா என் ஆராய்ச்சியே இல்ல."

"யாருகிட்டயும் சொல்லலையே?"

"ஜோதி மேடத்துக்கிட்ட உடனே சொல்லிட்டேன்."

ஜோதி கப்பலில் மூத்த விஞ்ஞானி. ஏலக்காய் சலித்த பழக்கத்தில் கை மாறிவிட்டது என்று அவரிடம் இவள் சொன்னாளாம். ஏலக்காயை எப்படிச் சலிப்பார்கள் என்று அவர் விசாரித்தாராம். கேட்டுவிட்டுச் சிரித்து, அதே ஆழத்தில் தன் சோதனைக்கென்று எடுத்து வைத்திருந்த இரண்டு கேனில் ஒன்றை இவள் பக்கம் நகர்த்தினாராம். "இந்தத் தடவை மேல நிக்கிறதைத் தொடாதே" என்றாராம்.

"அவுகளுக்குத் தண்ணி குறையுமே ஆத்தா?"

"குறைஞ்சிருச்சு சித்தி. அதான் அழுகையா வருது."

தண்ணீர் போதாமல் ஜோதியின் வேலை ஒரு வருஷம் தள்ளிப்போனது. ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சூர்யகலா அந்தக் கேன் தண்ணீரில்தான் டாக்டர் பட்டம் வாங்கினாள்.

அந்த வருஷம் குலசாமி கோயில் பொங்கலில், வீட்டார் பெயர்களோடு ஜோதி பெயருக்கும் சந்திரவல்லி அர்ச்சனை சொன்னாள்.

"நட்சத்திரம்?" என்றார் பூசாரி.

"தெரியலை சாமி. எங்க பிள்ளைக்குத் தண்ணி குடுத்தவுகன்னு சொல்லுங்க, சாமிக்குத் தெரியும்."

இன்றும் வருஷம் தவறாமல் அப்படித்தான் அர்ச்சனை நடக்கிறது. சூர்யகலா இப்போது கொச்சியில், ஜோதியின் ஆய்வுக்கூடத்திலேயே விஞ்ஞானியாக இருக்கிறாள்.