பின்பலகையைக் கழற்றுகிறவர்

பெட்டியின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அதன் முதுகுக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்கிறார் செல்லக்கண்ணு. இடது கை காக்கி பேண்ட்டின் பைக்குள் போய்விடுகிறது. வலது கையில் ஸ்க்ரூடிரைவர். வயரைப் பிடுங்கிய பிறகும் வால்வ் ஆம்புக்குள், அதாவது கண்ணாடிக் குழல்கள் வைத்த கிதார் ஒலிபெருக்கிப் பெட்டிக்குள், மின்சாரம் தேங்கி நிற்கும். இரண்டு கையும் உள்ளே இருந்தால் அது ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும். ஆகவே ஒரு கை பைக்குள்தான். ஆறு திருகாணிகளையும் ஒற்றைக் கையால் கழற்றி, வரிசை மாறாமல் தொடைமேல் அடுக்குகிறார். அதற்குள் யாராவது கிதாரைச் சொருகி வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டால், தலையைத் திருப்பாமலே பதில் வருகிறது: “அப்பறம் வாசிக்கலாமுங்க. மொதல்ல முதுகு.”

மைசூர் மண்டி மொஹல்லாவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை அவருடையது. வயது ஐம்பத்தாறு. அப்பா காலத்தில் கௌதள்ளியிலிருந்து வந்த குடும்பம். ஸ்ரீரங்கப்பட்டணத்து வயல்களில் புகைந்துபோன பம்ப் மோட்டார்களுக்குப் பகலில் செம்புக் கம்பி சுற்றுகிறார். கல்யாண மண்டபங்களிலும் கணபதிப் பந்தல்களிலும் ஆர்கெஸ்ட்ராவில் லீட் கிதார் வாசிக்கிறார். முப்பத்திரண்டு வருடமாக இப்படித்தான். இரண்டு கம்பியும் சேர்ந்து விரல் நுனிகளைத் தேய்த்துவிட்டதில், ரேஷன் கடை இயந்திரம் அவருடைய ரேகையை ஏற்பதில்லை. ஒவ்வொரு மாதமும் மனைவி லிங்கம்மா போய்த்தான் கை வைக்கவேண்டும். ஒரு ஆம்பை மூலையில் பிடித்துத் தூக்கிப் பார்த்தே, உள்ளிருக்கும் டிரான்ஸ்பார்மரில் கம்பெனிக்காரர்கள் எத்தனை சுற்றுக் கம்பியைத் திருடியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். திருட்டு என்பதுதான் அவர் சொல். சிக்கனம், புதுமை என்றெல்லாம் சொன்னால் எடுபடாது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்தக் கடையில் கிதார்காரர்கள் கூடுகிறார்கள். யாராவது புது ஆம்ப் வாங்கியிருந்தால் கூட்டம் கூடுதல். சண்டை எப்போதும் ஒன்றுதான்: ஆம்பைக் காதால் எடைபோடுவதா, கண்ணாலா. காதுக் கட்சிக்குத் தலைவர் சீனிவாசன். மேல்கோட்டைக் குடும்பத்துக்காரர், வங்கியில் ஓய்வுபெற்றவர், சரஸ்வதிபுரத்து வீட்டு மாடியில் அமெரிக்க ப்ளூஸ் இசை வாசிப்பவர். வால்வ் சூடேறிய பின் ஓரம் லேசாகப் பிய்கிற நாதம், தடவினால் தணிந்தும் அழுத்தினால் முரண்டியும் பதில் சொல்லும் குணம், இதுதான் ஆம்ப், மற்றதெல்லாம் தச்சு வேலை என்பது அவர் வாதம். கண் கட்சியில் செல்லக்கண்ணு ஒருவர்தான்.

ஒருவராக இருந்தாலும் அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. புதுப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் வால்வின் சாக்கெட்டை இரும்புத் தகட்டில் முடுக்குவதில்லை. மெல்லிய சர்க்யூட் போர்டிலேயே ஈயப் பொட்டு வைத்து ஒட்டிவிடுகிறார்கள். கொதிக்கும் வால்வையும் ஸ்பீக்கரின் உதறலையும் அந்தப் பொட்டேதான் தாங்கவேண்டும். கொஞ்ச நாளில் அதைச் சுற்றி முடியளவு விரிசல் ஓடும். இதைக்கூட அவர் பொறுத்துக்கொள்ளக்கூடும். பொறுக்க முடியாதது, வால்வுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கும் மிளகளவு ஆரஞ்சு விளக்கு. வால்வே தகதகப்பதுபோல் அது முன்பக்க வலை வழியாகத் தெரியும்.

“அடுப்புக்குள்ள செவப்புத் தாள ஒட்டி நெருப்புன்னு காட்டறானுங்க. நம்மள என்னன்னு நெனச்சிருக்கறான் அவன்?”



கண் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ரூபா, இந்த வருடத் தொடக்கத்தில் அப்படியொரு புதுப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஆட்டோக்காரரை அனுப்பிவிட்டு அவள் படியேறி வருவதற்குள் செல்லக்கண்ணு நாலாவது திருகாணியில் இருந்தார். ஐந்தாவதன்மேல் வெள்ளி நிறத்தில் ஒரு ஒட்டுத்தாள். விலைச்சீட்டு என்று நினைத்துக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி, உருட்டி, வாசல் பக்கம் எறிந்தார். அவர் கையில் இதுவரை புழங்கிய பழைய ஆம்புகளிலும் பம்ப் மோட்டார்களிலும் அப்படியொரு தாள் இருந்ததில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார். போர்டில் ஒட்டிய சாக்கெட்டுகள், ஆரஞ்சு விளக்கு. “இது ஆம்பு இல்லீங்க, அகல் வெளக்கு” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

சீனிவாசன் அன்று வீட்டிலிருந்து ஒரு போர்வை கொண்டுவந்திருந்தார். செல்லக்கண்ணுவை வாசலில் நிற்க வைத்துவிட்டு, தன்னுடைய முப்பது வருடத்துப் பழைய ஆம்பையும் ரூபாவின் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போர்த்தினார். பிறகு அவரை உள்ளே கூப்பிட்டார்கள். ரூபா ஒரே மெட்டை இரண்டிலும் இரண்டு முறை வாசித்தாள். செல்லக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, இரண்டாவதுதான் நல்ல சத்தம் என்றார். போர்வையை இழுத்தபோது இரண்டாவதாக இருந்தது அகல் விளக்கு.

கடையே சிரித்தது. “உம்ம காது எங்க கட்சிக்கு வந்துடுத்து, ஓய்” என்றார் சீனிவாசன்.

செல்லக்கண்ணுவுக்கு வெட்கம் வரவில்லை. கோபம்தான் இன்னும் ஏறியது. “சத்தம் நல்லாத்தான் இருக்குதுங்க சாமி. அதனாலதான் வயிறு எரியுது. இத்தன நல்லாப் பாடறதுக்கு இப்படி ஒரு ஒடம்பக் குடுத்திருக்கறான் பாருங்க.”

ஆறாவது வாரம் அந்த உடம்பு விழுந்தது. ஒரு ஹோட்டலின் மொட்டை மாடியில் சனிக்கிழமை மாலைகளில் வாசிக்க ரூபாவுக்கு இடம் கிடைத்திருந்தது. சினிமாப் பாட்டு இல்லை, அவளே போட்ட மெட்டுகள். இதற்காக இரண்டு வருடம் அலைந்திருக்கிறாள். முதல் சனிக்கிழமை, இரண்டாவது மெட்டின் நடுவில் பெட்டி பொரிந்தது, பிறகு ஊமையானது. தட்டினால் பேசியது, தட்டாவிட்டால் இல்லை. அடுத்த சனிக்கிழமையும் இப்படி நின்றால் பதிவு செய்த இசையே போதும் என்று மேலாளர் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்.

கம்பெனிக்கு எழுதினாள். பின்பலகையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினாள். ஐந்தாவது திருகாணிமேல் ஒட்டியிருந்த சீல் கிழிந்திருப்பதால் உத்தரவாதம் செல்லாது, போர்டு முழுவதையும் மாற்ற வேண்டும், ஆறு வாரம் ஆகும் என்று பதில் வந்தது. திங்கட்கிழமை அந்தப் பதிலோடும் பெட்டியோடும் கடைக்கு வந்து போனை நீட்டினாள்.

“சீல் தாள யாரு கிழிச்சது அண்ணா? நான் இல்லதானே? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.”

“நாந்தாம்மா” என்றார் செல்லக்கண்ணு. பின்பலகையைக் கழற்றி விரிசலைப் பார்த்தார். அவளுடைய போனிலேயே கம்பெனியைக் கூப்பிட்டார். மறுமுனையில் ஒரு பெண். எந்த வால்வ், எந்தக் கால், விரிசல் எப்படி ஓடுகிறது என்று பொறுமையாக விவரித்தார். சீல் தாளைக் கிழித்தது யார், அவர் கம்பெனியின் ஆள்தானா, எந்தத் தேதியில் கிழித்தார் என்று அந்தப் பெண் கேட்டாள்.

“அங்கதான் உடையும்னு நான் மொத நாளே பாத்தனுங்க. பாத்தது குத்தம். அப்படிப் பண்ணி வித்தது குத்தமில்லீங்களா?”

அந்தப் பெண் முதலில் கேட்டதையே மறுபடி கேட்டாள். அவளைக் குறைசொல்ல முடியாது. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறாள். எழுதிக் கொடுத்தவர்கள் ஒட்டுத்தாளைப் பற்றி மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறார்கள், விரிசலைப் பற்றி ஒன்றுகூட இல்லை. பொருளைச் செய்தவன் தான் செய்ததைத் திறந்து பார்க்க விடமாட்டான், பார்த்தவனைத் தண்டிப்பான் என்றால் அந்தத் தாள் எதைக் காப்பாற்றுகிறது?

சீனிவாசன் தன்னுடைய பழைய ஆம்பை எடுத்துப்போகச் சொன்னார். ரூபா தயங்கினாள். தடுத்தது செல்லக்கண்ணு. “வேண்டாஞ் சாமி. போர்வைக்கு வெளிய நின்னு நானே பொறுக்குன சத்தம் இவ பெட்டியோடது. அதுலயே வாசிக்கட்டும்.”

செவ்வாயிலிருந்து வெள்ளிவரை கடையில் வேறு வேலை நடக்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கரும்பு விவசாயி கரியப்பன் தன் மோட்டாருக்காக வந்து, பாட்டுப் பெட்டிக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தால் என் கரும்பு என்ன ஆவது என்று சத்தம் போட்டார்.

“உங்க மோட்டார எரிச்சது நீங்க. இதக் கெடுத்தது நானு. எது மொதல்ல, நீங்களே சொல்லுங்க” என்று கேட்டு, கடையிலிருந்த மாற்று மோட்டார் ஒன்றைத் தூக்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

ஒரு பழைய ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடித் தகட்டை அறுத்து, துளையிட்டு, அதில் இரண்டு பீங்கான் சாக்கெட்டுகளை முடுக்கினார். தகட்டைப் பெட்டியின் இரும்புச் சட்டத்தோடு இறுக்கினார். சாக்கெட்டிலிருந்து போர்டுக்கு முறுக்கிய கம்பிகள் மட்டும் போயின; வால்வின் சூடும் உதறலும் இனி தகட்டோடு நின்றுவிடும். ஒவ்வொரு ஈயப் பொட்டையும் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பதினாறில் மூன்று பிடிக்காமல் உருக்கி மறுபடி வைத்தார். கடைசியில் ஆரஞ்சு விளக்கை நறுக்கி எறிந்தார். வெள்ளிக்கிழமை ரூபா வந்து சுவிட்சைப் போட்டபோது முன்பக்கம் இருட்டாகத் தெரிந்தது. வேலை செய்யவில்லையோ என்று குனிந்து பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து, வால்வுக்குள்ளே மங்கலாக, செங்கல் நிறத்தில், அதனுடைய சொந்த வெளிச்சம் தெரிந்தது. சீனிவாசன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, சத்தம் அதேதான் என்று சான்று கொடுத்தார்.

சனிக்கிழமை பதினொரு மெட்டுகள். ஒரு பொரிச்சல் இல்லை. முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தும் செல்லக்கண்ணு மேடைக்குப் பின்னால், பெட்டியின் முதுகு தெரியும் இடத்தில் நின்றுகொண்டே கேட்டார். அடுத்த சனிக்கிழமைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று மேலாளர் ரூபாவிடம் கேட்டபோதுதான் படியிறங்கினார்.

கழற்றிய சாக்கெட்டுகளைப் பஞ்சில் பொதிந்து, விரிசல்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஒரு கடிதத்தோடு கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை.

அட்டை வந்த வார ஞாயிற்றுக்கிழமை, பெட்டியை மறுபடி கடைக்குக் கொண்டுவரச் சொன்னார். ரூபா ஏன் என்று கேட்டாள். நாலு மேடை தாங்குகிறதா என்று பார்க்காமல் பெயர் போடுவது தப்பு, இப்போது தாங்கிவிட்டது என்றார். கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கன்னடத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி எழுதினார்: ‘இதைத் திறந்து பார்க்கலாம்.’ கீழே தன் பெயர், போன் நம்பர். பெட்டியின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். ஐந்தாவது திருகாணிக்குப் பக்கத்தில், பழைய தாளின் பிசின் இன்னும் ஒட்டியிருந்த இடத்தில் அதை வைத்து, காயிலுக்கு அடிக்கும் வார்னிஷைத் தூரிகையால் தடவினார். ஒரு முனை எழும்பியது. இடது கை பையிலிருந்து வெளியே வந்தது. வார்னிஷ் காயும்வரை இரண்டு உள்ளங்கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.