யாக்கோபு வீட்டு வெள்ளாடு

ஞாயிறு பள்ளிக் கதைப் போட்டியில் எனக்குக் கடைசி இடம் கொடுத்தார்கள். நடந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. வயிற்றெரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை. தப்பாகச் சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். சரியாகச் சொன்னதற்கல்லவா தண்டித்தார்கள்!

அப்போது எனக்குப் பத்து வயது. கடலுக்கு இக்கரையில், பாகான் டாலாமில் வீடு. ஞாயிறுதோறும் ஃபெரி ஏறி, அக்கரையில் ஜார்ஜ்டவுனில் இருந்த எங்கள் தமிழ்ச் சபைக்குப் போவோம். கதைப் போட்டியில் ஜெயிக்கிற பிள்ளையை ஈப்போவில் நடக்கும் பெரிய போட்டிக்கு அனுப்புவார்கள். ரயில் பயணம், ஓட்டலில் தங்கல். நானோ பக்கத்து ஊரான தாசேக் கெலுகோரைத் தாண்டி எங்கும் போனதில்லை. போட்டிக்கு முன்பே அம்மாவிடம் புதுப் பெட்டி கேட்டு நச்சரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

எனக்கு விழுந்தது யோசேப்பின் கதை. அப்பாவின் செல்லப்பிள்ளையை அண்ணன்மார் விற்றுவிடுகிறார்கள். அவனுடைய பலவருண அங்கியை வெள்ளாட்டு இரத்தத்தில் தோய்த்து, இது உங்கள் மகனுடையதா பாருங்கள் என்று அப்பா யாக்கோபிடம் காட்டுகிறார்கள். மிருகம் தின்றுவிட்டது என்று நம்பி அவர் அழுகிறார். இரண்டு வாரம் உருப்போட்டேன். அந்த ஆடு வரும் இடத்தில் மட்டும் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனேன்.

இருந்தது! இதே யாக்கோபு வாலிபனாக இருந்தபோது, கண் தெரியாத தன் அப்பாவை ஏமாற்றியிருக்கிறார். அண்ணன் ஏசாவின் உடுப்பை மாட்டிக்கொண்டு, வெள்ளாட்டுக்குட்டித் தோலைக் கையில் சுற்றிக்கொண்டு, நான்தான் மூத்தவன் என்று சொல்லி, அண்ணனுக்கு வரவேண்டிய ஆசீர்வாதத்தைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறார். அங்கேயும் ஓர் ஆடு, ஓர் உடுப்பு, ஏமாந்த ஓர் அப்பா. இங்கேயும் அதே மூன்றும். இன்னும் ஓர் அத்தியாயம் தள்ளிப் போனால், யோசேப்பை விற்கலாம் என்று யோசனை சொன்ன அண்ணன் யூதாவே ஓர் ஆட்டுக்குட்டி விஷயத்தில் மருமகளிடம் ஏமாந்து நிற்கிறார். அந்த அத்தியாயத்தை எங்கள் டீச்சர் எப்போதும் தாண்டிப் போய்விடுவார். எழுதியவர் இதையெல்லாம் சும்மா எழுதவில்லை, தெரிந்தேதான் ஆட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டு வருகிறார் என்று எனக்குப் பட்டது. சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் வேறு பிள்ளை யாராவது திருடிக்கொண்டு போய்விடும் என்று பயம்.

போட்டி நாளில் சபை நிரம்பியிருந்தது. முன் பெஞ்சில் அப்பாவும் அம்மாவும். கடைசி பெஞ்சில் பெரியப்பா. தாத்தா இறந்ததிலிருந்து அவரும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. பெரியவர்கள் அப்படித்தான் இருப்பார்கள்போலிருக்கிறது என்று நான் விட்டுவிட்டிருந்தேன்.

கதையைச் சொல்லி முடித்து, என் கண்டுபிடிப்புக்கு வந்தேன். கண் தெரியாத அப்பா, அண்ணன் உடுப்பு, ஆட்டுத்தோல் எல்லாவற்றையும் சொல்லி, குரலை உயர்த்தினேன். “தம்பி எப்படி ஏமாத்தி அண்ணன் பங்கை எடுத்துக்கிட்டாரோ, அதே மாதிரி அவரும் ஏமாந்தாரு! அதே ஆடு தேடி வந்துச்சு!”

சபையில் ஓர் இருமல்கூட இல்லை. அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது ஆட்டுக்கு வருவதற்குள் டீச்சர் மணியை அடித்துவிட்டார். “ஒரு கதைதானே சொல்லச் சொன்னோம்? இதெல்லாம் ஓவர்லா,” என்று மைக்கிலேயே சொன்னார். நோவாவின் பேழையில் ஏறிய மிருகங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, ஒட்டகத்தோடு மறந்துபோய் நின்ற பையனுக்கு ஈப்போ! எனக்குக் கடைசி இடம். இது எந்த ஊர் நியாயம்?

வெளியே வந்ததும் அப்பா என் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துப் போனார்.

“யாரு சொல்லிக் குடுத்தா? உன் பெரியப்பாதானே?”

“நானேதாம்ப்பா.”

“பொய் சொல்லாதே. பத்து வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் எங்கேயிருந்து வரும்?”

பளாரென்று ஓர் அறை. அறைகூடப் பரவாயில்லை. பொய் என்றாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். பெரியப்பா வந்தார். எனக்குத் தெரிந்து எங்கள் யாருக்கும் அவ்வளவு கிட்டத்தில் அவர் வந்ததில்லை. குனிந்து, யார் காதிலும் விழாதபடி கேட்டார்.

“அம்மாடி, உங்கப்பாதான் இதைச் சொல்லச் சொன்னானா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா கேட்டால் பெரியப்பாவாம், பெரியப்பா கேட்டால் அப்பாவாம். எனக்கென்று ஒரு மூளை இருக்காதா?

“யாரும் சொல்லல பெரியப்பா! நானே கண்டுபிடிச்சது! அப்பாவுக்கு இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாது!”

நிஜமாகவே கத்தினேன். சாப்பாட்டு மேசைப் பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா திறந்திருந்த குழாயை இறுக்கி மூடினார். “கெட்டிக்காரிலா நீ,” என்று சொல்லிவிட்டுத் தன் மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தார். ஒருத்தராவது நம்பினாரே என்று எனக்கு ஒரே ஆறுதல். அதற்கப்புறம் அவர் அந்தச் சபைக்கு வரவே இல்லை.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா வாயைத் திறந்தார். பாகான் டாலாம் வீட்டைப் பெரியப்பாவுக்கென்று தாத்தா சொல்லி வைத்திருந்தாராம். பெரியப்பா ஜொகூரில் வேலையில் இருந்த சமயத்தில், இனிப்புநீர் நோயால் கண் போயிருந்த தாத்தாவிடம், ஆஸ்பத்திரித் தாள் என்று சொல்லி அப்பா தன் பேருக்கு எழுதிய வீட்டுப் பத்திரத்தில் கைரேகை வாங்கிவிட்டாராம். கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மனிதரா என்னைப் பொய் சொல்லாதே என்று அறைந்தார்!

ஆனால் அப்பா மேல் வந்த கோபத்தை எங்கேயாவது காட்டிவிடலாம். குழாயடியில் நின்ற அந்தப் பத்து வயதுப் பெண்ணை நான் என்ன செய்வது? தம்பி மனம் மாறி, பிள்ளையின் வாயால் மன்னிப்புக் கேட்கிறானா என்றுதான் பெரியப்பா அன்று என்னிடம் கேட்டிருக்கிறார். இல்லவே இல்லை என்று, ஊரே திரும்பிப் பார்க்கும்படி, நான் கத்தியிருக்கிறேன்.