ஜீப்பின் இடது கதவு

எங்கள் ஜீப்பின் இடது கதவில், கைப்பிடிக்குக் கீழே ஒரு பள்ளம் உண்டு. சின்னதுதான். வெயில் சாய்ந்து அடித்தால் தெரியும். மற்ற நேரம் கை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும்.

அப்பா தேவிகுளம் பக்கம் டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டினார். தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், லயத்தில், எங்கள் வீடு. அப்பாவின் தங்கை எங்களோடுதான் இருந்தாள். அம்மாவும் அத்தையும் கொழுந்து எடுக்கப் போவார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, மலைக்குக் கீழே கம்பத்தில் ஒரு பட்டறையில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு அத்தையைக் கட்டி வைக்க அம்மாவுக்கு ஆசை. மாமாவுக்கு அதைவிட ஆசை. பெண் எடுத்த வீட்டுக்கே பெண் கொடுப்பது எங்களில் வழக்கம்தான். அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. மாமாவுக்குப் பொறுமை இல்லை என்பார். மாமா கம்பம்மெட்டில் ஏலக்காய்க் கடையில் இருந்தார், விட்டார். ஆட்டோ ஓட்டினார், விட்டார். அப்புறம்தான் பெயின்ட்.

"ஒரு எடத்துல நிக்காதவனுக்கு எந்தங்கச்சியக் குடுத்தா அவளும் கூடவே ஓடணும்" என்றார் அப்பா.

அந்த வருஷ மழையில் ஒரு மரக்கொம்பு முறிந்து ஜீப்பின் இடது பக்கம் விழுந்தது. தகரத்தை நிமிர்த்தி வாங்கியாயிற்று. பெயின்ட் பாக்கி. அம்மா தம்பிக்குப் போன் போட்டாள்.

"கதவ ஒழுங்கா முடிக்கட்டும். பொறவு பேசுவோம்" என்றார் அப்பா.

என்ன பேச்சு என்று எனக்குத் தெரியும். லயம் முழுக்கத் தெரியும்.

மாமா கம்ப்ரசரும் டின்களுமாக வந்து இறங்கினார். பெயின்ட் மட்டும் போதும் என்றார் அப்பா. மேலே கிளியர் அடிக்க வேண்டும் என்றார் மாமா. கிளியர் என்றால் நிறமில்லாத பூச்சு. பளபளப்பு அதில்தான் இருக்கிறது.

"கிளியர் அடிச்சா கதவுல மூஞ்சி பாக்கலாம் மச்சான்."

"எம்மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் மாப்ள."

ஆனாலும் அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். வேறொருவர் வண்டியில் அன்றைக்கு அவருக்குச் சவாரி இருந்தது.

கல்யாணப் பேச்சு நடக்கும்போது கட்டிக்கொள்ளப் போகிறவர்கள் நேருக்கு நேர் பேசக் கூடாது. இது எங்கள் வீட்டுச் சட்டம். அதனால் நடுவில் நான். அத்தை வாசல்படியில் நிற்பாள். மாமா ஜீப்புக்குப் பக்கத்தில் நிற்பார். கை நீட்டினால் தொடலாம். நான் அங்கேயும் இங்கேயும் திரும்பிச் சொல்ல வேண்டும். எனக்கு அதில் பெருமை.

பச்சைப் பெயின்ட் நன்றாக விழுந்தது. மேலே கிளியர் ஒரு பூச்சு அடித்தார் மாமா. பிறகு உட்கார்ந்து ஒரு டீ குடித்தார். கம்பத்தில் அதுதான் கணக்கு. ஒரு டீ குடித்து முடித்தால் முதல் பூச்சு இழுத்துக்கொள்ளும், அடுத்ததை அடிக்கலாம். அதில் கலக்கக் கொண்டு வந்த தின்னரும் கம்பத்து வெயிலுக்கானது, மெதுவாகக் காய்கிற சரக்கு. எங்கள் வாசலிலோ எதிர் லயம் தெரியாத அளவுக்குப் பனிமஞ்சு இறங்கியிருந்தது.

"ஏட்டி, மாமாகிட்டச் சொல்லு. மூணு நாளாப் போட்ட சேலையே காயல. இது எப்படிக் காயுமாம்?"

சொன்னேன்.

"இது சேல இல்லன்னு சொல்லு பாப்பா."

சொன்னேன்.

"இன்னொரு டீ குடிச்சா என்ன கொறஞ்சா போயிரும்னு கேளு."

நான் திரும்புவதற்குள் மாமா ஸ்ப்ரே கன்னை எடுத்து அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கதவு நன்றாக இருந்தது. எதிரில் நின்ற என் முகமே அதில் தெரிந்தது. பிறகு என் முகத்துக்குக் குறுக்கே ஒரு கோடு மெல்ல இறங்கியது. பக்கத்தில் இன்னொன்று. மெழுகுவத்தி உருகி நிற்பது போல ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு சொட்டு திரண்டு நின்றது.

மாமா போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஓடினார், பட்டறை முதலாளியைக் கேட்க.

அத்தை படியிறங்கி வந்தாள். அண்ணன் வந்து இதைப் பார்த்தால் எல்லாப் பேச்சும் இன்றோடு முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். முந்தானையை எடுத்தாள், வேண்டாமென்று விட்டாள். கைப்பிடிக்குக் கீழே இருந்த சொட்டைப் பெருவிரலால் ஒரு துடை துடைத்தாள்.

சொட்டு போகவில்லை. விரல்தான் உள்ளே போனது.

மாமா இறங்கி வந்தார். முதலாளி சிரித்தாராம். கம்பத்துத் தின்னரை மலைக்கு யாருடா கொண்டுபோகச் சொன்னது என்றாராம். பிறகு, எவனும் தொடாதே, கல்லாகக் காயட்டும், அதற்கப்புறம் சரி பண்ணலாம் என்றாராம். சொல்லிக்கொண்டே வந்தவர் கதவைப் பார்த்து நின்றார்.

"யாரு தொட்டது?"

அத்தை என்னைப் பார்த்தாள். நான் சொல்லட்டுமா என்று அவளைப் பார்த்தேன்.

"நாந்தான்" என்றாள். என்னிடம் இல்லை, அவரிடம்.

மாமா அவள் கையைப் பார்த்தார். "தின்னர் இருக்கு. கையக் கழுவு. காஞ்சா பிசுபிசுன்னு ஒட்டும்."

என்னை நடுவில் யாரும் கூப்பிடவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சாயங்காலம் அப்பா வந்தார். கதவைப் பார்த்தார்.

"கதவு அழுவுதே மாப்ள."

"சரி பண்ணிருவேன் மச்சான்."

"எப்பம்?"

"அது காயறப்பம்."

மாமா வாயிலிருந்து அப்படியொரு பதில் வரும் என்று அப்பா எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. உள்ளே போனார்.

மாமா எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். காலையில் எழுந்ததும் கதவின் அடி ஓரத்தில் நகத்தை அழுத்திப் பார்ப்பார். நகம் பதிந்தால் அன்றைக்கு வேலையில்லை. விறகு உடைப்பார், தண்ணீர் எடுப்பார். "இன்னும் எத்தன டீயாம்னு கேளு" என்று அத்தை என்னை அனுப்புவாள். "எண்ணுறத விட்டாச்சுன்னு சொல்லு" என்பார் மாமா.

ஒரு காலையில் நகம் பதியவில்லை.

ஒழுகின கோட்டின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டினார், நல்ல இடத்தில் கீறல் விழாதிருக்க. பிளேடை நிமிர்த்திப் பிடித்து மேட்டை மட்டும் மெல்லச் சுரண்டினார். பிறகு மரக்கட்டையில் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். கதவு மங்கிப் போய் சிலேட்டு மாதிரி ஆனது.

"இருந்ததும் போச்சேடா தம்பி" என்று அம்மா தலையில் கை வைத்தாள்.

"போகட்டும்க்கா. வரும்."

அவசரமே படவில்லை. வரவர இன்னும் நைசான பேப்பராக மாற்றிக்கொண்டே போனார். கடைசியில் காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசையை வைத்துத் துணியால் தேய்த்தார். பளபளப்பு உள்ளேயிருந்து எழும்பி வந்தது. கோடு ஒன்றுகூட இல்லை. கைப்பிடிக்குக் கீழே அந்த விரல் பதிந்த பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது. அதன் விளிம்பைக்கூட இழைத்து விட்டிருந்தார். பள்ளத்தை விட்டுவிட்டார்.

மறுநாள் நல்ல வெயில். டின்னில் கிளியர் மிச்சம் இருந்தது. என் பள்ளிக்கூடத் தகரப் பெட்டிக்கு அடித்துக் கொடுத்தார். ஒரு பூச்சு அடித்து, நிதானமாக இரண்டு டீ குடித்து, இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்து, அப்புறம்தான் அடுத்த பூச்சு. பெட்டியில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அப்பா ஒரு நாள் சவாரி இல்லாமல் வீட்டில் இருந்தபோது கதவைப் பார்வையிட்டார். உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார். கை ஒரு இடத்தில் நின்றது.

"இது என்ன?"

"அதுக்கு மேல தேய்ச்சா பச்சை போயிரும் மச்சான். அத ஒண்ணும் பண்ண முடியாது."

அப்பா தன் பெருவிரலைப் பள்ளத்தில் வைத்தார். அவர் விரல் அதில் கொள்ளவில்லை. அத்தை டீ டம்ளரோடு நின்றாள். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினேன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிளியர் மிச்சம் இருந்துச்சோ மாப்ள?"

"கொஞ்சம் இருந்துச்சு மச்சான்."

"ம்."

பெட்டியை என்னிடம் கொடுத்தார். அத்தை கையிலிருந்து டீயை வாங்கிக் குடித்தார். குடித்து முடித்துவிட்டு அம்மாவிடம், "ஒங்க அய்யாவ ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லு" என்றார்.

கல்யாணம் அடுத்த தை மாதம் நடந்தது. எங்கள் மாமாவுக்குப் பெட்டி அடிக்கத்தான் தெரியும், கதவு அடிக்க அரைகுறைதான் என்று நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் வேலை செய்வது மாமா வைத்த பட்டறையில். பேப்பர் போட்டுத் தேய்ப்பது என் வேலை. பள்ளம் விழுந்த இடத்தில் ஒரு சொட்டுக் கிளியரை விட்டு, காய்ந்ததும் சமமாகத் தேய்த்தால் இருந்த இடம் தெரியாது. பெரிய வேலையே இல்லை. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவரே மாமாதான்.

ஜீப் இன்னும் அப்பாவிடம் இருக்கிறது. பிறகு இரண்டு தடவை பெயின்ட் அடித்தாயிற்று. அந்த இடத்தை அடைக்காமல் அடிக்க வேண்டும் என்று அப்பா பக்கத்திலேயே நிற்பார். ஆயுத பூஜை அன்று வண்டியெல்லாம் கழுவி, இடது கதவுக்குச் சந்தனமும் குங்குமமும் அங்கேதான் வைப்பார். பள்ளமாக இருப்பதால் ஓட்டும்போது சந்தனம் உதிராது, அதற்குத்தான் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.