பின்வயலுக்கு வழி

"சார், உங்க சாப்ட்வேர் சொன்ன தேதிக்கு மெஷின் கரெக்டா வந்துடுச்சு. ஆனா வயலுக்குள்ள போக முடியலை. ரோட்டுலயே நிக்குது."

மூன்று வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்த போன் இது. நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசியவர் செல்வராணி. கீழ்வேளூர் பக்கம் விவசாயிகள் சிலர் சேர்ந்து ஆறு அறுவடை மெஷின்களை வாடகைக்கு ஓட்டுகிறார்கள். அந்த ஆபீஸில் புக்கிங் மொத்தமும் இவர் பொறுப்பு. எந்த வயலுக்கு எந்த மெஷின், எந்தத் தேதி என்று பார்த்து அனுப்புவது இவர்தான்.

சரி, மெஷின் ரோட்டில் நின்றால் எனக்கு ஏன் போன்?

சொல்கிறேன். டேட்டாபேஸ் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. இன்டர்நெட்டில் ஓடுகிற பெரிய சமாச்சாரம் எல்லாம் இல்லை. ஆபீஸ் மேஜையில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டரில், கரன்ட் இருக்கும் வரை ஓடுகிற அப்ளிகேஷன்கள். சனிக்கிழமைகளில் தஞ்சாவூரில் வகுப்பும் எடுக்கிறேன். 'முன் அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும்' என்று போர்டிலேயே எழுதி வைத்திருக்கிறேன். அந்த 'மட்டும்' மேல் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

செல்வராணி அந்த வகுப்புக்கு பஸ் ஏறி வருபவர். என் வயதுதான் இருக்கும். யாரும் சொல்லித் தராமல், தானே தட்டித் தடவி ஒரு டேட்டாபேஸ் செய்து, ஆறேழு வருஷம் அதை வைத்து ஆபீஸை ஓட்டியவர். அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும் என்றுதான் என்னிடம் வந்தார்.

முதல் நாள் லேப்டாப்பில் அதைத் திறந்து காட்டினார். எனக்குத் தலை சுற்றியது. ஒரே டேபிள், அதில் முப்பது கட்டங்கள். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு நீளமான கட்டம்... அதில் அவர் இஷ்டத்துக்கு எழுதித் தள்ளியிருந்தார்.

'இவருக்குக் காது கேட்காது. மகளுக்குப் போன் செய்யவும்.'

'மதகு ஓரம் சேறு. டயர் வண்டி வேண்டாம், பெல்ட் வண்டி அனுப்பவும்.'

'முன் வயல் தங்கராசு. அதை அறுக்கும்போதே இதையும் அறுக்கணும்.'

"இது என்னங்க, டேட்டாபேஸா, டயரியா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. செல்வராணியும் சிரித்தார். மற்றவர்களை விடக் கொஞ்சம் கம்மியாகத்தான் சிரித்தார் என்று இப்போது தோன்றுகிறது.

அதையே அவருடைய பிராஜெக்ட்டாக எடுத்துக்கொண்டோம். இரண்டு மாதம் ஆனது. விவசாயிக்கு ஒரு டேபிள், வயலுக்கு ஒரு டேபிள், மெஷினுக்கு ஒன்று, புக்கிங்குக்கு ஒன்று. எழுதுகிற வேலையே கிடையாது, எல்லாம் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுப்பதுதான். முதலில் புக் செய்தவருக்கு முதல் முறை. ஆள் பார்த்து முறையை மாற்றுகிறார்கள் என்று அந்த ஆபீஸ் மேல் ஒரு புகார் இருந்ததாம். அதனால் வரிசையை யாரும் தொட முடியாதபடி பூட்டு வேறு போட்டேன். தினமும் காலையில் டிரைவர்கள் கையில் ஒரு பிரின்ட் அவுட். அதைத் தாண்டிப் போகக் கூடாது. எனக்கே என் முதுகில் தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

'குறிப்பு' கட்டத்தைத் தூக்கிவிட்டேன்.

"அதை மட்டும் விட்டுடலாமே சார்" என்றார் செல்வராணி.

"தேட முடியாதது, வரிசைப்படுத்த முடியாதது, இதெல்லாம் தகவலே இல்லைங்க. பழக்கம்தான். ஒரு மாசத்துல மறந்துடுவீங்க" என்றேன். வகுப்பில் நான் அடிக்கடி சொல்கிற வசனம் அது. சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கும்.

இப்போது ரோட்டில் நிற்கிற மெஷினுக்கு வருவோம்.

கலியபெருமாள் என்று ஒரு விவசாயி. குத்தகைக்கு மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். வருஷச் சாப்பாட்டுக்கு அந்த நெல்தான். அவர் வயல் உள்ளே இருக்கிறது. ஒரு பக்கம் வாய்க்கால். இரண்டு பக்கம் பிந்தி நட்டதால் இன்னும் பச்சை அடங்காத தாளடிப் பயிர். ரோட்டில் இருந்து மெஷின் போக வேண்டுமானால் தங்கராசு என்பவரின் வயலைக் கடந்துதான் போக வேண்டும். இந்தப் பக்கத்தில் இது சகஜம். முன் வயலை அறுத்த கையோடு மெஷின் அப்படியே பின் வயலுக்குள் இறங்கிவிடும். யாரும் யாரிடமும் கேட்பது கூட இல்லை.

தங்கராசு முன்னாடியே புக் செய்தவர். எட்டு நாள் முன்பே, ஒரு சனிக்கிழமை, அவர் வயலுக்கு மெஷின் வந்து அறுத்துவிட்டது. கலியபெருமாள் தாமதமாகப் புக் செய்தவர். என் சாப்ட்வேர் அவருக்கு அடுத்த ஞாயிறு தேதி போட்டது. அந்த எட்டு நாளில் தங்கராசு என்ன செய்தார்? இங்கே எல்லாரும் செய்வதைத்தான் செய்தார். அறுத்த வயலில் ஈரம் காய்வதற்குள் உளுந்து தெளித்தார். அது முளைத்தும் விட்டது.

செவ்வாய்க்கிழமையில் இருந்து மழை என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முற்றிய கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் அப்படியே முளைத்துவிடும். அப்புறம் அந்த நெல்லை மாட்டுக்குத்தான் போட வேண்டும்.

"குறிப்புல இருந்துச்சு சார். நீங்கதான் எடுத்துட்டீங்க" என்றார் செல்வராணி. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த சனிக்கிழமை நீங்களாவது கவனிச்சிருக்கலாமே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அன்னிக்கு உங்க வகுப்புல உக்காந்திருந்தேன் சார். டிரைவர் நாலு தடவை போன் பண்ணியிருக்கார். வகுப்புல போனை ஆஃப் பண்ணி வைக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க?"

பேப்பரை மடித்து வைத்துவிட்டு நாகப்பட்டினம் பஸ்ஸைப் பிடித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். மெஷின் ரோட்டோரம் நின்றது. கலியபெருமாள் வரப்பில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். செல்வராணி என்னை அறிமுகம் செய்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"அன்னிக்கே இந்த வரப்புல நின்னு கத்துனேன் சார். பக்கத்து வயல்ல மெஷின் ஓடுது, அப்படியே இங்கயும் இறக்குப்பான்னேன். டிரைவர் லிஸ்டை எடுத்து நீட்டிட்டாரு. மனுசன்னா பேசலாம். லிஸ்டுகிட்ட என்ன பேசுறது?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

பக்கத்தில் நின்ற தங்கராசு கோபக்காரர் இல்லை. கீழே பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் வேணாங்கலை. ஆனா பாருங்க, ரெண்டு இலை விட்டுடுச்சு. போறப்ப ஒரு தடம், வரப்ப ஒரு தடம். நெல்லு ரொம்புனா ரோட்டுக்கு வந்து கொட்டணும், அதுக்கு ஒரு தடம். அத்தனையும் மிதிபடுறதைப் பாத்துக்கிட்டு எப்படி நிக்கிறது?"

"முறைப்படி பாத்தா அந்தத் தேதி..." என்று நான் ஆரம்பித்தேன். செல்வராணி திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

"அண்ணே, அந்தக் கிழக்கு வரப்பை ஒட்டி ஒரே தடம். அதுலயே போகட்டும், அதுலயே வரட்டும்" என்றார் அவர் தங்கராசுவிடம். "கெட்டுப் போற எடத்துல இன்னிக்கே திரும்ப உளுந்து தெளிச்சுடுவோம். ஈரம் இருக்குல்ல?"

"ஈரம் இருக்கு. யாரு தெளிப்பா? எனக்கு இடுப்பு முடியலை. ஞாயித்துக்கிழமை ஆளும் கிடைக்காது."

"சார் தெளிப்பாரு."

எனக்குப் பின்னால் வேறு சார் யாராவது இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை.

தங்கராசு என் ஷூவைப் பார்த்தார். அப்புறம் பேன்ட்டைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, "சரி, வண்டியை விடச் சொல்லும்மா" என்றார்.

மெஷின் இறங்கியது. முளைத்த உளுந்தின் மேல் பெல்ட் ஏறும்போது தங்கராசு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு ஏக்கர்தானே... சீக்கிரம் முடிந்துவிட்டது. நெல் ரோட்டில் கொட்டியதும் கலியபெருமாள் ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தார். "காஞ்சுதான் இருக்கு" என்றார்.

பிறகு என் வேலை. ஷூவைக் கழற்றி, பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, பிளாஸ்டிக் வாளியில் உளுந்தோடு தடத்தில் இறங்கினேன். விதையெல்லாம் ஒரே இடத்தில் கொத்தாக விழுந்தது. "கையை இறுக்கிப் பிடிக்காதீங்க சார், வீசி விடுங்க" என்றார் கலியபெருமாள் வரப்பில் இருந்து. வீசினேன். பாதி வாய்க்காலில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கால் கழுவிக்கொண்டு ஆபீஸுக்குப் போனோம். செல்வராணி கம்ப்யூட்டரைத் திறந்து, 'பழசு' என்று பெயர் வைத்த ஒரு டேபிளைக் காட்டினார். உள்ளே அத்தனை குறிப்புகளும் அப்படியே இருந்தன.

"அழிக்கச் சொன்னீங்க. மனசு வரலை. ஒளிச்சு வெச்சிருந்தேன்."

"அப்ப ஏன் பாக்கலை?"

"நீங்க மறந்துடுவீங்கன்னு சொன்னீங்க. அறுவடை வேலையில நெசமாவே மறந்துட்டேன் சார்."

'முன் வயல்' என்று தேடிப் பார்த்தோம். தேட முடியாது என்று நான் சொன்ன அதே கட்டத்தில்தான். பதினோரு வயல்கள் கிடைத்தன. அதில் நான்கு வயல்களுக்கு முன் வயல் அந்த வாரத்திலேயே அறுவடை... பின் வயலுக்குத் தேதி பத்து நாள் தள்ளி. நான் போட்ட பூட்டை நானே உடைத்து நான்கையும் மாற்றினேன்.

"சார், ஒன்பதாவது பாடத்துல ஒரு டேபிளுக்கும் அதே டேபிளுக்கும் உறவு போடலாம்னு சொன்னீங்கள்ல?" என்றார் செல்வராணி. "மேனேஜரும் ஒரு ஊழியர்தான், ஊழியர் டேபிள்லயே அவரையும் காட்டலாம்னு. அதே மாதிரி ஒவ்வொரு வயலுக்கும் அதோட முன் வயல் எதுன்னு ஒரு கட்டம் வைப்போமா? முன் வயலுக்குத் தேதி போட்டா பின் வயலைக் கேக்காம விடக் கூடாது."

பல வருஷமாக அந்தப் பாடத்தை எடுக்கிறேன். எப்போதும் மேனேஜர், ஊழியர்தான். டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஒரு நாளும் வயல் தோன்றியதில்லை.

ஒன்றும் தெரியாதவர்களுக்குச் சொல்லித் தருவதில் பெரிய ஆபத்து கிடையாது. தெரிந்தவர்களுக்குச் சொல்லித் தரும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் அனுபவத்தில் சேர்த்து வைத்ததை ஒழுங்கில்லை என்று நாம் பெருக்கித் தள்ளிவிடுகிறோம். அவர்களும் மரியாதைக்காகச் சும்மா இருந்துவிடுகிறார்கள். நஷ்டம் மட்டும் வகுப்பில் இல்லாத ஒரு கலியபெருமாளுக்குப் போய்ச் சேருகிறது. அன்று தப்பியது செல்வராணியாலும் தங்கராசுவாலும். சொன்ன மாதிரியே செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.

போன சனிக்கிழமை செல்வராணி பிராஜெக்ட்டைத் திருத்தி முடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். முன் வயல் கட்டம் இருந்தது. பிரமாதமாக வேலை செய்தது. கடைசியில் 'குறிப்பு' கட்டமும் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. தங்கராசு வயலைத் திறந்து பார்த்தேன்.

'கிழக்கு வரப்பு ஓரம் சார் தெளித்த உளுந்து முளைத்துவிட்டது. குத்துக் குத்தாக நிற்கிறது. அடுத்த தடவை வேறு ஆள் பார்க்கவும்.'

முழு மார்க் போட்டேன்.